இராமநாதன் கிருஷ்ணன்

இராமநாதன் கிருஷ்ணன் (பிறப்பு: ஏப்ரல் 11, 1937) தமிழ்நாட்டைச் சேர்ந்த இந்திய டென்னிஸ் ஆட்டக்காரர் ஆவார். 1950களிலும் 1960களிலும் உலகின் முன்னணி ஆட்டக்காரர்களுள் ஒருவராகத் திகழ்ந்தார். 1954ஆம் ஆண்டு விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றதன் மூலம் அப்பட்டத்தைப் பெற்ற முதல் ஆசியர் என்ற சிறப்பைப் பெற்றார். 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் விம்பிள்டன் ஆடவர் ஒற்றையர் போட்டியில் அரையிறுதி வரை முன்னேறினார். இவருக்குப் பின் இந்திய ஆடவர் எவரும் அப்போட்டியின் ஒற்றையர் அரையிறுதியை எட்டவில்லை. 1966ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பைப் போட்டியில் இந்திய அணி முதன்முறையாக இறுதிச் சுற்றுக்குச் செல்ல இவரது ஆட்டமே முதன்மைக் காரணமாக அமைந்தது.

கிருஷ்ணன் ஆடிய காலம், டென்னிஸ் விளையாட்டில் தொழில்சாரா ஆட்டக்காரர், தொழில்முறை ஆட்டக்காரர் என்ற பிரிவினை கடுமையாகக் கடைப்பிடிக்கப்பட்ட இறுதிக் காலமாகும். 1959இல் தொழில்முறைக்கு மாறும்படி வந்த பெருந்தொகை அழைப்பை இவர் ஏற்கவில்லை. அம்முடிவு இவருடைய ஆட்ட வாழ்வையும், இந்திய டென்னிஸின் வரலாற்றையும் பெரிதும் பாதித்தது.

பிறப்பும் இளமையும்

கிருஷ்ணன் நாகர்கோவிலில் பிறந்தார். அந்நகரம் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டத்துடன் சென்னை மாநிலத்தில் இணைந்தது. இவருடைய குடும்பம் தென்காசியைச் சேர்ந்தது. தந்தையார் டி. கே. இராமநாதன் தாமும் தேசிய அளவில் ஆடிய டென்னிஸ் ஆட்டக்காரர். கிருஷ்ணனின் முதல் பயிற்சியாளரும் அவரே.

பள்ளி மாணவராக இருந்தபோதே, கல்லூரி மாணவர்களுக்கென நடத்தப்பட்ட பெர்ட்ரம் போட்டியில் ஆடச் சிறப்பு அனுமதி பெற்று 1951இல் அதை வென்றார். பின்னர் சென்னை இலயோலா கல்லூரியில் பயின்றார். தேசிய வாகையர் பட்டத்தை எட்டு முறை வென்றுள்ளார்.

கிருஷ்ணனுக்கு முன்பும் இந்தியாவில் குறிப்பிடத்தக்க டென்னிஸ் ஆட்டக்காரர்கள் இருந்தனர். 1939இல் கௌஸ் முகமது விம்பிள்டன் ஒற்றையர் காலிறுதியை எட்டினார். இச்சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. ஆயினும் ஓர் இந்திய ஆட்டக்காரர் பல ஆண்டுகள் தொடர்ந்து உலகின் முதல் பத்துப் பேருக்குள் மதிக்கப்பட்டது கிருஷ்ணன் காலத்தில்தான்.

விம்பிள்டன் இளையோர் பட்டம்

1953ஆம் ஆண்டு விம்பிள்டன் இளையோர் ஒற்றையர் இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் பில்லி நைட்டிடம் கிருஷ்ணன் தோல்வியுற்றார். அப்போது இவருக்கு வயது 16. அவ்வாண்டிலேயே டேவிஸ் கோப்பைக்கான இந்திய அணியிலும் இடம்பெறத் தொடங்கினார்.

அடுத்த ஆண்டு மீண்டும் இளையோர் இறுதியாட்டத்தை எட்டிய இவர், ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பரை 6–2, 7–5 என்ற நேர் செட்களில் வென்றார். தோல்வியடைந்த கூப்பர் நான்கே ஆண்டுகளில், 1958இல், விம்பிள்டன் ஆடவர் ஒற்றையர் பட்டத்தை வென்றார் என்பதிலிருந்து அவ்வெற்றியின் மதிப்பை உணரலாம்.

அக்கால டென்னிஸ் அமைப்பு

கிருஷ்ணனின் சாதனைகளைப் புரிந்துகொள்ள, அக்காலத்து டென்னிஸ் எவ்வாறு நடத்தப்பட்டது என்பதை அறிதல் தேவை.

விம்பிள்டன், பிரெஞ்சு, ஆஸ்திரேலிய, அமெரிக்க வாகையர் போட்டிகளாகிய நான்கு பெரும் போட்டிகளிலும், டேவிஸ் கோப்பையிலும் தொழில்சாரா ஆட்டக்காரர்கள் மட்டுமே ஆட அனுமதிக்கப்பட்டனர். அவர்களுக்குப் பரிசுப் பணம் இல்லை. பயணச் செலவும் தங்கும் செலவும் மட்டுமே வழங்கப்படலாம் என்பது விதி. ஆனால் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களைத் தம் போட்டிக்கு வரவழைக்க விரும்பிய அமைப்பாளர்கள் செலவுத் தொகை என்ற பெயரில் மறைமுகமாகப் பணம் கொடுப்பது பரவலாக நடந்தது. விதி ஒன்றாகவும் நடைமுறை வேறாகவும் இருந்த இந்நிலை அக்காலத்திலேயே கடுமையாகக் கண்டிக்கப்பட்டது.

தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஒப்பந்த அடிப்படையில் ஒரு குழுவாக ஊர் ஊராகச் சென்று, நுழைவுச்சீட்டு வாங்கி வரும் பார்வையாளர்கள் முன் ஆடினர். 1947ஆம் ஆண்டின் விம்பிள்டன் வாகையரான அமெரிக்கர் ஜாக் கிரேமர் இத்தகைய குழு ஒன்றை நடத்தி வந்தார். விம்பிள்டனில் புகழ்பெறுபவரை ஒப்பந்தம் செய்வது அவர் வழக்கம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் மறுநாளே நான்கு பெரும் போட்டிகளிலும் ஆடும் உரிமையை இழந்துவிடுவார். லூ ஹோட், கென் ரோஸ்வால், ஆஷ்லி கூப்பர் ஆகியோர் இவ்வாறு சென்றவர்கள்.

மேலும் மூன்று வேறுபாடுகள் குறிப்பிடத்தக்கவை.

- நான்கு பெரும் போட்டிகளுள் பிரெஞ்சுப் போட்டி தவிர ஏனைய மூன்றும் புல்தரையில் நடைபெற்றன.
- செட் சமநிலையில் நீண்டால் அதை முடித்துவைக்கும் டை-பிரேக் முறை அப்போது இல்லை. விம்பிள்டனில் அம்முறை 1971இல்தான் வந்தது. எனவே 10–8, 12–10 போன்ற நீண்ட செட்கள் வழக்கமாக இருந்தன.
- கணினி வழித் தரவரிசை 1973இல்தான் தொடங்கியது. அதற்கு முன் டென்னிஸ் செய்தியாளர்கள் ஆண்டுதோறும் வெளியிட்ட பட்டியல்களே தரவரிசையாகக் கொள்ளப்பட்டன. கிருஷ்ணனுக்கு 1959இல் நெட் பாட்டரின் பட்டியலில் 3ஆவது இடமும், 1961இல் லான்ஸ் டிங்கேயின் பட்டியலில் 6ஆவது இடமும் அளிக்கப்பட்டன. இப்பட்டியல்களில் தொழில்சாரா ஆட்டக்காரர்களே இடம்பெற்றனர்.

1959ஆம் ஆண்டு

1959 கிருஷ்ணனின் ஆட்ட வாழ்வில் ஒரு திருப்புமுனையாகும். விம்பிள்டனுக்கு முன்னோட்டமாகக் கருதப்படும் இலண்டன் குயின்ஸ் கிளப் போட்டியின் இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவின் நீல் பிரேசரை வென்று பட்டம் பெற்றார். பிரேசர் அவ்வாண்டு அமெரிக்க வாகையராகவும், மறு ஆண்டு விம்பிள்டன் வாகையராகவும் ஆனவர்.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அமெரிக்காவில் பாஸ்டன் நகரை ஒட்டிய லாங்வுட் கிரிக்கெட் கிளப்பில் டேவிஸ் கோப்பையின் மண்டலங்களுக்கு இடையிலான இறுதிச் சுற்றில் இந்தியா ஆஸ்திரேலியாவை எதிர்கொண்டது. இந்தியா 1–4 என்ற கணக்கில் தோற்றது. இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே வெற்றி, கிருஷ்ணன் ராட் லேவரை வென்ற ஒற்றையர் ஆட்டம். லேவர் அவ்வாண்டு விம்பிள்டன் இறுதியாட்டம் வரை சென்றவர். பிற்காலத்தில் 1962, 1969 ஆகிய இரு ஆண்டுகளில் நான்கு பெரும் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்று, டென்னிஸ் வரலாற்றின் மிகச்சிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவராகக் கருதப்படுபவர்.

இவ்வெற்றிகளைத் தொடர்ந்து ஜாக் கிரேமர், மூன்று ஆண்டுகளுக்கு 1,50,000 அமெரிக்க டாலர் உறுதித் தொகையுடன் தம் குழுவில் சேருமாறு கிருஷ்ணனை அழைத்தார். ஒரு டாலர் 4 ரூபாய் 76 காசாக இருந்த அக்காலத்தில் இத்தொகை ஏறத்தாழ 7 இலட்சம் ரூபாய்க்குச் சமம். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 22. இவர் அவ்வழைப்பை ஏற்க மறுத்தார்.

இம்முடிவால் இழந்தது என்ன, காத்தது என்ன என்பதைத் தெளிவாக வரையறுக்கலாம். இழந்தது பணமும், ஹோட், ரோஸ்வால் போன்றோருடன் நாள்தோறும் மோதும் வாய்ப்பும். காத்தது விம்பிள்டனிலும் டேவிஸ் கோப்பையிலும் ஆடும் உரிமை. இவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் 1960, 1961 விம்பிள்டன் அரையிறுதிகளும், 1966 டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றும் இவருடைய வாழ்வில் இடம்பெற்றிருக்க முடியாது.

ரக்பி விளையாட்டுடன் ஓர் ஒப்பீடு

விளையாட்டில் பணம் பெறுவது இழுக்கு என்ற கருத்து டென்னிஸுக்கு மட்டும் உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உயர் வகுப்பினரிடையே வேரூன்றிய இக்கருத்து, பல விளையாட்டுகளின் அமைப்பைத் தீர்மானித்தது. அவற்றுள் ரக்பி காற்பந்தின் பிளவு மிகவும் வெளிப்படையானது.

வட இங்கிலாந்தின் சுரங்க, ஆலை நகரங்களில் ரக்பி ஆடியவர்களுள் பலர் கூலித் தொழிலாளர்கள். சனிக்கிழமை ஆட்டத்திற்காக வேலையை விட்டு வந்தால் அவர்களுக்கு அன்றைய கூலி கிடைக்காது. அவ்விழப்பை ஈடுசெய்ய ஒரு தொகை வழங்க அனுமதிக்க வேண்டும் என வடபகுதிக் கழகங்கள் கோரின. ரக்பி ஒன்றியம் இதை ஏற்கவில்லை. இதனால் 1895 ஆகஸ்டு 29 அன்று ஹடர்ஸ்பீல்டு நகரின் ஜார்ஜ் ஓட்டலில் கூடிய வடபகுதிக் கழகங்கள் பிரிந்து தனி அமைப்பை நிறுவின. இதுவே பின்னர் ரக்பி லீக் எனப்பட்டது. 1906இல் அணிக்கு 15 பேர் என்பது 13 பேராகக் குறைக்கப்பட்டு, அது தனி விளையாட்டாகவே வளர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் ரக்பி லீக் ஆட்டக்காரர்களுள் பெரும்பாலோர் வேறொரு தொழிலும் செய்துகொண்டு, ஆட்டத்திற்கு ஊதியம் பெற்றவர்களே. ரக்பி யூனியனிலிருந்து லீகுக்கு மாறியவர் யூனியன் ஆட்டத்திற்குத் திரும்ப இயலாதவாறு வாழ்நாள் தடைக்கு உள்ளானார். இத்தடை 1995இல் ரக்பி யூனியனும் தொழில்முறையை ஏற்கும் வரை நீடித்தது.

ரக்பியில் இக்கோடு இரு வேறு விளையாட்டுகளையே உண்டாக்கியது. டென்னிஸில் விளையாட்டு ஒன்றாகவே இருந்தது. ஆட்டக்காரர்கள் மட்டும் இரு கூட்டமாயினர். இரண்டிலும் பொதுவான ஓர் உண்மை உண்டு. பணம் பெறாமல் ஆடுதல் என்ற கொள்கையைச் செல்வம் உடையவர் எளிதில் கடைப்பிடிக்கலாம். ஆட்டத்தைத் தவிர வேறு வருவாய் இல்லாதவருக்கு அது பெருஞ்சுமை. வெளிநாட்டு நாணயச் செலவுக்கு அரசின் கட்டுப்பாடு மிகுந்திருந்த 1950களின் இந்தியாவிலிருந்து ஆண்டுதோறும் ஐரோப்பா சென்று ஆடிய ஒருவருக்கு அச்சுமை மேலும் கூடுதலாகவே இருந்தது.

விம்பிள்டன் ஆட்டங்கள்

1960

1960ஆம் ஆண்டுப் போட்டியில் கிருஷ்ணனுக்கு 7ஆவது தரநிலை வழங்கப்பட்டது. காலிறுதியில் சிலி நாட்டின் லூயி அயாலாவை 7–5, 10–8, 6–2 என்ற கணக்கில் வென்று அரையிறுதிக்கு முன்னேறினார். ஆடவர் ஒற்றையரில் இந்தியர் ஒருவர் விம்பிள்டன் அரையிறுதியை எட்டியது அதுவே முதன்முறை. அரையிறுதியில் நீல் பிரேசரிடம் 3–6, 2–6, 2–6 எனத் தோற்றார். அவ்வாண்டுப் பட்டத்தைப் பிரேசரே வென்றார்.

1961

மறு ஆண்டும் 7ஆவது தரநிலையே வழங்கப்பட்டது. காலிறுதியில் ஆஸ்திரேலியாவின் ராய் எமர்சனை 6–1, 6–4, 6–4 என நேர் செட்களில் வீழ்த்தினார். எமர்சன் அவ்வாண்டின் ஆஸ்திரேலிய, அமெரிக்கப் பட்டங்களை வென்றவர். தம் ஆட்ட வாழ்வில் மொத்தம் 12 பெரும் ஒற்றையர் பட்டங்களைப் பெற்றவர். எனவே இது கிருஷ்ணனின் மிகச்சிறந்த வெற்றிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அரையிறுதியில் ராட் லேவரிடம் 2–6, 6–8, 2–6 எனத் தோல்வியுற்றார். லேவர் இறுதியாட்டத்தில் சக் மெக்கின்லியை வென்று தம் முதல் விம்பிள்டன் பட்டத்தைப் பெற்றார். இவ்வாறு இரு ஆண்டுகளிலும் கிருஷ்ணன் அவ்வவ்வாண்டின் வாகையரிடமே தோற்றார்.

1962

1962இல் கிருஷ்ணனுக்கு 4ஆவது தரநிலை வழங்கப்பட்டது. ஆனால் கணுக்கால் காயம் காரணமாக, மூன்றாம் சுற்றில் நீல் பிரேசரின் தம்பியான ஜான் பிரேசருக்கு எதிரான ஆட்டத்திலிருந்து விலக நேர்ந்தது. ஜான் பிரேசர் அவ்வாண்டு அரையிறுதி வரை சென்றார். அரையிறுதியாளர் நால்வரும் ஆஸ்திரேலியர்களாக அமைந்தது அவ்வாண்டின் சிறப்பாகும்.

ஆட்டமுறை

புல்தரையில் பந்து தாழ்வாகவும் விரைவாகவும் எழும். ஆகையால் அக்காலத்து முன்னணி ஆட்டக்காரர்கள், குறிப்பாக ஆஸ்திரேலியர்கள், வலிமையான சர்வீஸைப் போட்டுவிட்டு உடனே வலையை நோக்கி ஓடி, எதிராளி திருப்பும் பந்தைத் தரையில் படுமுன் அடித்துப் புள்ளி பெறும் முறையைக் கையாண்டனர். இம்முறைக்கு உடல் வலிமையும் வேகமும் அடிப்படை.

கிருஷ்ணனின் ஆட்டம் இதிலிருந்து வேறுபட்டது. இவருடைய சர்வீஸ் வலிமையானதன்று. பந்தின் வேகத்தைத் தாம் கூட்டாமல், எதிராளி கொடுத்த வேகத்தையே பயன்படுத்தித் திசையை மாற்றுவது இவர் வழக்கம். வலையருகே வந்துவிட்ட எதிராளியின் கைக்கு எட்டாத கோணத்தில் பந்தைச் செலுத்துதல், தரையில் பட்டு எழும் கணத்திலேயே பந்தை எடுத்து ஆடும் அரை வாலி, வேகத்தை உறிஞ்சி வலைக்கு அப்பால் மெல்ல விழச் செய்யும் அடி ஆகியவை இவருடைய தனித்திறன்கள். மரச் சட்டத்தாலான மட்டைகள் பயன்பாட்டிலிருந்த காலத்தில் இத்தகைய நுண்ணிய அடிகளுக்கு மிகுந்த கை நேர்த்தி தேவைப்பட்டது.

இம்முறையின் வலிமையும் குறையும் இவருடைய ஆட்ட முடிவுகளிலேயே தெரிகின்றன. வேகத்தை நம்பிய எமர்சன் போன்றவரை நேர் செட்களில் வீழ்த்த முடிந்தது. ஆனால் சர்வீஸால் எளிதில் புள்ளி பெற இயலாத காரணத்தால் ஒவ்வொரு கேமையும் உழைத்தே வெல்ல வேண்டியிருந்தது. இரு வாரங்கள் தொடரும் ஐந்து செட் போட்டிகளின் இறுதிக் கட்டத்தில், இடக்கையால் கடினமான சர்வீஸ் போடும் பிரேசர், லேவர் ஆகியோரை எதிர்கொண்டபோது இக்குறை வெளிப்பட்டது.

டேவிஸ் கோப்பை

டேவிஸ் கோப்பை நாடுகளுக்கு இடையிலான அணிப் போட்டியாகும். அக்காலத்தில் ஒவ்வொரு மோதலிலும் நான்கு ஒற்றையர் ஆட்டங்களும் ஓர் இரட்டையர் ஆட்டமும் இடம்பெற்றன. மூன்றில் வென்ற அணி வெற்றி பெற்றது. 1971 வரை இப்போட்டியில் அறைகூவல் சுற்று என்ற முறை இருந்தது. முந்தைய ஆண்டின் வாகையர் எந்தத் தொடக்கச் சுற்றிலும் ஆடாமல் காத்திருப்பர். ஏனைய நாடுகள் மண்டலவாரியாக மோதி, இறுதியில் எஞ்சும் ஒரு நாடு வாகையரை அவர்களுடைய நாட்டிற்கே சென்று எதிர்கொள்ள வேண்டும். ஆகவே இறுதிச் சுற்றை எட்டுவதே மிகக் கடினமாக இருந்தது.

கிருஷ்ணன் டேவிஸ் கோப்பையில் ஆடிய 97 ஆட்டங்களில் 69இல் வென்றார். இவற்றுள் ஒற்றையரில் 50 வெற்றி, 19 தோல்வி. இரட்டையரில் 19 வெற்றி, 9 தோல்வி.

1966: பிரேசிலுக்கு எதிரான மோதல்

1966இல் இந்திய அணியில் கிருஷ்ணனுடன் ஜெய்தீப் முகர்ஜி, பிரேம்ஜித் லால் ஆகியோர் இடம்பெற்றிருந்தனர். மேற்கு ஜெர்மனியை வென்ற இந்தியா, மண்டலங்களுக்கு இடையிலான இறுதியில் கொல்கத்தாவில் பிரேசிலை எதிர்கொண்டது. நான்கு ஆட்டங்கள் முடிவில் இரு அணிகளும் 2–2 என்ற சமநிலையில் இருந்தன. கடைசி ஒற்றையர் ஆட்டத்தில் கிருஷ்ணன், இடக்கை ஆட்டக்காரரான தோமாஸ் காக்கை எதிர்த்து ஆடினார்.

முதல் செட்டை இழந்த கிருஷ்ணன் இரண்டாவதை வென்றார். 22 கேம்கள் நீண்ட மூன்றாவது செட்டை 10–12 எனக் காக் கைப்பற்றினார். நான்காவது செட்டிலும் காக் 5–2 என முன்னிலை பெற்றார். இன்னும் ஒரே ஒரு கேமை வென்றால் பிரேசில் இறுதிச் சுற்றுக்குச் சென்றுவிடும் என்ற அந்நிலையிலிருந்து கிருஷ்ணன் தொடர்ந்து ஐந்து கேம்களை வென்று செட்டை 7–5 எனத் தமதாக்கினார். ஐந்தாவது செட்டையும் 6–2 என வென்றார். மொத்தம் 61 கேம்கள் நீடித்த இவ்வாட்டத்தின் முடிவு: 3–6, 6–4, 10–12, 7–5, 6–2. இந்தியா 3–2 என்ற கணக்கில் வென்று அறைகூவல் சுற்றுக்குத் தகுதி பெற்றது. 1921இல் ஜப்பான் அச்சுற்றை எட்டிய பின் அதை எட்டிய ஆசிய நாடு இந்தியாவே.

1966: அறைகூவல் சுற்று

1966 டிசம்பர் இறுதியில் மெல்போர்ன் நகரின் கூயாங் அரங்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை எதிர்கொண்டது. ஒற்றையர் ஆட்டங்களில் ஆஸ்திரேலியாவுக்காக ராய் எமர்சனும் பிரெட் ஸ்டோலும் ஆடினர். ஆஸ்திரேலியா 4–1 என வென்று கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது.

இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே வெற்றி இரட்டையர் ஆட்டத்தில் வந்தது. கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இணைந்து ஜான் நியூகம், டோனி ரோச் இணையை 4–6, 7–5, 6–4, 6–4 என வென்றனர். நியூகம்–ரோச் இணை 1965இல் விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தை வென்றது; பின்னாளில் அப்பட்டத்தை மேலும் நான்கு முறை வென்றது.

இந்தியா அதன் பின் 1974இலும் 1987இலும் டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றை எட்டியது. 1974இல் தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக் கொள்கைக்கு எதிர்ப்புத் தெரிவித்து இறுதிச் சுற்றில் ஆட மறுத்தது.

திறந்தநிலை டென்னிஸ்

தொழில்சாரா, தொழில்முறை ஆட்டக்காரர்களை ஒரே போட்டியில் ஆட அனுமதிக்கும் தீர்மானம் 1960இல் பாரிசில் நடந்த பன்னாட்டுப் புல்தரை டென்னிஸ் கூட்டமைப்பின் கூட்டத்தில் முன்வைக்கப்பட்டது. மூன்றில் இரு பங்கு ஆதரவு தேவைப்பட்ட அத்தீர்மானம் ஐந்து வாக்குக் குறைவால் தோற்றது. அது நிறைவேறியிருந்தால், கிருஷ்ணன் தம் ஆட்டத்தின் உச்சத்தில் இருந்த ஆண்டுகளிலேயே பணமும் விம்பிள்டனும் ஒன்றையொன்று விலக்காதவையாக ஆகியிருக்கும்.

அத்தடை நீங்க மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின. 1967 டிசம்பரில் பிரித்தானிய டென்னிஸ் சங்கம் தன் போட்டிகளில் இப்பிரிவினையை நீக்க முடிவு செய்தது. 1968இல் பன்னாட்டுக் கூட்டமைப்பும் இசைந்தது. முதல் திறந்தநிலைப் போட்டி 1968 ஏப்ரலில் இங்கிலாந்தின் போர்ன்மத் நகரில் நடைபெற்றது. அவ்வாண்டு விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை வென்றவர், 1963 முதல் 1967 வரை தொழில்முறையாளர் என்பதால் அங்கு ஆட இயலாதிருந்த ராட் லேவர். அவர் பெற்ற பரிசு 2,000 பவுண்டு. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 36,000 ரூபாய். கிருஷ்ணனுக்கு அப்போது வயது 31. திறந்தநிலைக் காலத்தின் வருவாய் இவருடைய தலைமுறைக்குப் பெரும்பாலும் கிட்டவில்லை.

ஒப்பந்தத் தொழில்முறையாளர்கள் டேவிஸ் கோப்பையில் ஆட 1973இல்தான் அனுமதிக்கப்பட்டனர்.

விருதுகள்

- அருச்சுனா விருது, 1961. அவ்விருது தோற்றுவிக்கப்பட்ட முதல் ஆண்டிலேயே டென்னிஸுக்காக இவருக்கு வழங்கப்பட்டது.
- பத்மஸ்ரீ, 1962
- பத்மபூஷண், 1967

முதன்மை முடிவுகள்

- 1953: விம்பிள்டன் இளையோர் ஒற்றையர், இரண்டாமிடம்
- 1954: விம்பிள்டன் இளையோர் ஒற்றையர், வாகையர்
- 1959: குயின்ஸ் கிளப் ஒற்றையர், வாகையர்
- 1960: விம்பிள்டன் ஒற்றையர், அரையிறுதி
- 1961: விம்பிள்டன் ஒற்றையர், அரையிறுதி
- 1966: டேவிஸ் கோப்பை, அறைகூவல் சுற்று

குடும்பமும் பிற்கால வாழ்வும்

ஆட்ட வாழ்வுக்குப் பின் கிருஷ்ணன் சென்னையில் சமையல் எரிவாயு வினியோக முகவாண்மை ஒன்றை நடத்தினார்.

இவருடைய மகன் இரமேஷ் கிருஷ்ணன் (பிறப்பு: ஜூன் 5, 1961) தாமும் புகழ்பெற்ற டென்னிஸ் ஆட்டக்காரர். தந்தை வென்று 25 ஆண்டுகள் கழித்து, 1979இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை இரமேஷ் வென்றார். அவ்வாண்டின் பிரெஞ்சு இளையோர் பட்டத்தையும் பெற்றார். 1986இல் விம்பிள்டன் காலிறுதியையும், 1981, 1987 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க ஓப்பன் காலிறுதியையும் எட்டினார். 1987இல் டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றை எட்டிய இந்திய அணியிலும் இடம்பெற்றிருந்தார். தந்தையைப் போலவே இவரும் வலிமையைவிட நுட்பத்தை நம்பி ஆடியவர். ஆனால் இவர் ஆடத் தொடங்கியபோது பரிசுப் பணம் டென்னிஸின் இயல்பான பகுதியாகிவிட்டது. தந்தை எதிர்கொண்ட தேர்வு மகனுக்கு நேரவில்லை.

1995இல் தந்தையும் மகனும் சேர்ந்து சென்னையில் கிருஷ்ணன் டென்னிஸ் மையம் என்ற பயிற்சி நிலையத்தைத் தொடங்கினர். இருவரும் செய்தியாளர் நிர்மல் சேகருடன் இணைந்து எழுதிய நூல் 1999இல் வெளிவந்தது.

மதிப்பீடு

கிருஷ்ணன் விம்பிள்டனில் ஆடிய ஆண்டுகளில், ஹோட், ரோஸ்வால் போன்ற முதல்தர ஆட்டக்காரர்கள் சிலர் தொழில்முறைக்குச் சென்றுவிட்டதால் அங்கு இல்லை. எனவே அக்காலத்துத் தரவரிசைகளைப் பிற்காலத் தரவரிசைகளுடன் நேரடியாக ஒப்பிடுவது பொருந்தாது. இக்குறிப்பு கிருஷ்ணனுக்கு மட்டுமன்றி, 1968க்கு முன் ஆடிய எல்லாத் தொழில்சாரா ஆட்டக்காரர்களுக்கும் பொருந்தும். அதே வேளையில், இவர் வென்ற லேவர், எமர்சன், பிரேசர், கூப்பர் ஆகிய நால்வருமே விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை வென்றவர்கள் என்பது இவருடைய தகுதிக்குச் சான்றாகும்.

விஜய் அமிர்தராஜ் 1973, 1981 ஆகிய ஆண்டுகளிலும், இரமேஷ் கிருஷ்ணன் 1986இலும் விம்பிள்டன் ஒற்றையர் காலிறுதியை எட்டினர். சென்னையைச் சேர்ந்த இவ்விருவரும் கிருஷ்ணனுக்கு அடுத்த தலைமுறையினர் ஆவர்.